மூளை அலையால் எழுதும் பலகையை ஒருவருக்குப் பழக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா தங்கச்சிமடத்தில் முப்பது வருஷம் நாட்டுப்படகு ஓட்டியவர். டாக்டர்கள் ஏ.எல்.எஸ் என்று எழுதும் மோட்டார் நியூரான் நோய் வந்து முதலில் கை போனது, அப்புறம் நடை, கடைசியில் பேச்சு. இப்போது மூளை அலையைப் படிக்கும் எழுத்துப்பலகையில்தான் எங்களோடு பேசுகிறார். அவருக்காகக் கற்றுக்கொண்டதை வைத்து கீழக்கரையில் ஒரு வீட்டிலும் தொண்டியில் ஒரு வீட்டிலும் இதைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களும் அவர்கள் வழியாகத் தெரிந்துகொண்டவர்களும் போனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன கருவி? மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்வார்களா?

இல்லை. துணித் தொப்பி, அதில் மூளை அலையைத் தொட்டு எடுக்கும் எட்டு எலக்ட்ரோடு, சிறிய ஒரு பெட்டி, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மூளை அலையைப் பார்க்க எடுக்கும் இ.இ.ஜி மாதிரியேதான், எல்லாம் தலைத்தோலுக்கு மேலிருந்துதான். மனித மூளையின் மின்அலையை முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-ல்.

திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு வரிசை மின்னும், அடுத்து ஒரு நெடுக்குப் பத்தி மின்னும், இப்படி முறை மாறி மாறி மின்னிக்கொண்டே இருக்கும். தனக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது மட்டும் மூளையில் ஒரு சின்ன எழுச்சி வரும். விடியலில் கரைக்கு வரும் இருபது முப்பது படகில் நம் வீட்டுப் படகின் பெயிண்ட் கண்ணில் பட்டதும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளுமே, அது மாதிரி. சுமார் 300 மில்லிவிநாடி கழித்து வருவதால் அதற்கு பி300 என்று பெயர். 1965-ல் கண்டுபிடித்தார்கள். 1988-ல் ஃபார்வெல், டான்சின் என்ற இருவர் அதை வைத்து ஆறுக்கு ஆறு எழுத்துப்பலகை செய்தார்கள். இன்று நாம் வைத்திருப்பதும் அடிப்படையில் அதே பலகைதான்.

ஒரு முறை செட் பண்ணிவிட்டால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. ஒருவருக்கு அந்த எழுச்சி 300 மில்லிவிநாடியில் வரும், இன்னொருவருக்கு 450-ல் வரும். வயசு, நோய், மருந்து, களைப்பு எல்லாமே அதை நகர்த்தும். மண்டையின் வடிவம் வேறு, எழுச்சி பலமாகத் தெரியும் இடமும் கொஞ்சம் வேறு. அளவும் ரொம்பச் சின்னது, சில மைக்ரோவோல்ட்தான். அதைச் சுற்றி மூளையின் மற்ற அலைகள் அதைவிடப் பல மடங்கு பெரிதாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் "இவருடைய எழுச்சி இப்படி இருக்கும்" என்று கம்ப்யூட்டருக்கு முதலில் காட்டித் தரவேண்டும். காலிபரேஷன் என்பது அதுதான். நான் வீட்டுக்காரர்களிடம் "பழக்குவது" என்றுதான் சொல்வேன். பழகவேண்டியது கம்ப்யூட்டர். நோயாளிக்கு இதில் பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. இதை அவரிடம் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பேச முடியாத ஒருவர் முன்னால் திரையில் 40 சதவீத எழுத்துதான் சரி என்று வந்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கண் நன்றாக அசைகிறது. அப்போதும் இது வேண்டுமா?

முதலில் மற்ற வழிகளைப் பாருங்கள். ஒரு அட்டையில் எழுத்தை எழுதி, கண் இமைத்தால் "ஆம்" என்று வைத்துக்கொண்டாலே பல வீடுகளில் போதும். கண் அசைவைப் பின்தொடரும் கேமரா இதைவிட வேகமானது, எலக்ட்ரோடுக்காகத் தலையில் ஜெல் வைக்கவும் வேண்டாம். சித்தப்பாவுக்கு மத்தியானத்துக்கு மேல் இமை தொங்கிவிடும், கேமராவுக்குக் கருமணி தெரியாது. அதனால்தான் இதற்கு வந்தோம்.

அதேபோல, விழியையே திருப்ப முடியாதவருக்கு இந்தக் கட்டப் பலகை அவ்வளவாகக் கைகொடுக்காது. வேண்டிய எழுத்தை நேராகப் பார்க்க முடிந்தால்தான் இது நன்றாக ஓடும். அவர்களுக்கு எழுத்துகளைத் திரையின் நடுவில் ஒவ்வொன்றாகக் காட்டும் முறையும் ஒலி கேட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருக்கின்றன.

தமிழில் 247 எழுத்து ஆச்சே, எப்படிக் கட்டத்தில் அடங்கும்?

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. ஆறுக்கு ஆறு பலகையில் 36 கட்டம். மீதி ஐந்தில் இடைவெளி, அழி, பேசு, கூப்பிடு, நிறுத்து. கணக்கு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது! தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிற மாதிரிதான் எழுதுவது: வ தேர்ந்தெடுத்து ஆ தேர்ந்தெடுத்தால் வா. ஃ-ஐ மெய்க்குப் பின்னால் வைத்தால் புள்ளி. ஒரே மெய் இரண்டு தடவை வந்தாலும், ம-வுக்குப் பின் ப, ண-வுக்குப் பின் ட என்று இனமெய் வந்தாலும் புள்ளி தானாக விழும்படி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் இருபது விநாடி ஆகும் இடத்தில் ஒரு புள்ளி மிச்சமானாலும் லாபம்தான்.

ஆனால் நம் கரையில் ஜோசப்பும் ஹமீதும் இல்லாத தெரு ஏது? அதற்காக ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்து ஜ, ஷ, ஸ, ஹ வைத்தேன். ஒரு பத்தி கூடினால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மின்னல்தான் அதிகம், 12-க்குப் பதில் 13. சொந்தப் பேரன் பேரைச் சரியாக எழுத அது பெரிய விலை இல்லை. கீழே சொல்லும் கணக்கெல்லாம் ஆறுக்கு ஆறு பலகைக்கு.

பழக்கும் முன் வீட்டில் என்னென்ன தயார் செய்யவேண்டும்?

முக்கால்வாசி வெற்றி இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எண்ணெய். காலையில் குளிப்பாட்டி, தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, படிய வாரி உட்கார வைப்பார்கள். அன்பாகச் செய்வதுதான், ஆனால் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி மின்சாரம் வராது. முந்தின நாள் இரவே ஷாம்பு போட்டு அலசி, அப்புறம் எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எங்கள் சித்தி முதல் இரண்டு தடவை "கொஞ்சூண்டுதான்ப்பா வச்சேன்" என்றார். நடு எலக்ட்ரோடில் மின்தடை 60 கிலோஓம் காட்டியது. 10-க்குக் கீழே வரவேண்டும். முடியை வகிடு எடுத்து, தோல் தெரிந்த இடத்தில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஜெல் எடுத்து, அதன் மழுங்கிய முனையால் மெல்ல வட்டமாகத் தேய்த்தேன். 60 என்பது 30 ஆகி, 12 ஆகி, 7-ல் வந்து நின்றது. அன்றைக்கு வேறு எதையுமே மாற்றவில்லை, பலகை எழுத ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது தலையணை. எட்டு எலக்ட்ரோடில் மூன்று பின்மண்டையில் இருக்கும். தலையணையில் அழுந்தினால் அவை நகர்ந்துவிடும். மீன்கூடை சுமக்க சும்மாடு சுற்றுவோமே, அதே மாதிரி ஒரு துண்டைச் சுற்றிப் பிடரிக்குக் கீழே கொடுத்தால் பின்மண்டை அந்தரத்தில் நிற்கும். கழுத்துக்கும் வலிக்காது. விலை கொடுத்து வாங்கிய எந்தத் தலையணையும் இந்த அளவுக்கு உதவவில்லை.

மூன்றாவது கரண்ட். நம் லைனில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ். வீட்டு வயரெல்லாம் அந்த இரைச்சலைத் தொப்பிக்குள் தள்ளும். வடிகட்டி இருக்கிறது, இருந்தாலும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். விலை மலிந்த இன்வெர்ட்டர் கொடுக்கும் மின்சாரம் இன்னும் மோசம், அது கரடுமுரடான அலை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பழக்கவே வேண்டாம். ஐஸ் பிளாண்ட் பக்கத்தில் வீடு இருந்தால், பெரிய மோட்டார்கள் ஓடாத நேரமாகப் பாருங்கள்.

நான்காவது வியர்வை. பங்குனி, சித்திரையில் மத்தியானம் பழக்கினால் அலை மொத்தமும் ஏற்றவற்றம் போல மேலும் கீழும் போய்வரும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஃபேன் நேராகத் தலையில் அடித்தால் ஜெல் காய்ந்துவிடும், காலை நோக்கித் திருப்பி வையுங்கள். உப்புக்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் எலக்ட்ரோடுகளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

அப்புறம் மூக்குக் கண்ணாடி. பேப்பர் படிப்பதை நிறுத்திய நாளிலிருந்து அது அலமாரியில் கிடக்கும். எழுத்தே மங்கலாகத் தெரிந்தால் எந்த மூளைதான் துள்ளும்? கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தொப்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டைக் குமிழ் வரை டேப் வைத்து அளந்து, சரிபாதியில் நடு எலக்ட்ரோடு. காதிலிருந்து காதுக்கு அளந்தாலும் அது பாதியில் இருக்கவேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பின்மண்டை எலக்ட்ரோடுகளில் விநாடிக்கு 8 முதல் 12 வரை சீரான அலை எழும்பினால், மூளையிலிருந்துதான் சிக்னல் வருகிறது என்று நம்பலாம். பெரும்பாலானவர்களிடம் இது பளிச்சென்று தெரியும்.

பழக்கும்போது அவர் என்ன செய்யவேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

திரை ஒரு எழுத்தைச் சொல்லும். அதைப் பார்த்துக்கொண்டு, அது மின்னும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டும். எண்ணுவது கவனம் நழுவாமல் இருக்கத்தான், எண்ணிக்கை தப்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு மின்னல் 100 மில்லிவிநாடி, இடைவெளி 75. பன்னிரண்டு மின்னல் சேர்ந்தது ஒரு சுற்று, 2.1 விநாடி. பத்துச் சுற்றானால் ஒரு எழுத்துக்கு 21 விநாடி. இருபது எழுத்துக்கு ஏழு நிமிஷம், ஓய்வோடு சேர்த்துப் பதினைந்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 2,400 மின்னல் ஆகியிருக்கும். அதில் 400 அவர் எதிர்பார்த்த மின்னல்.

ஏன் இத்தனை சுற்று என்றால், திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போட்டால்தான் இரைச்சல் அடங்கும். ஒன்பது தடவை எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும், எழுச்சி அப்படியே நிற்கும்.

பல்லைக் கடிப்பது, எச்சில் விழுங்குவது, இமைப்பது எல்லாம் பெரிய அலையாக விழும். எச்சில் உறிஞ்சும் மெஷின் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் உறிஞ்சிவிடுங்கள், மின்னிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

எந்தச் சொற்களைக் கொடுப்பது?

அவருடைய சொற்களை. சித்தப்பாவுக்கு நான் கொடுத்தவை வாடை, இறால், பாம்பன், முரல். மேலே சொன்ன முறையில் எண்ணினால் 4, 5, 6, 5, சரியாக இருபது தேர்வு. கட்டத்தின் எல்லாப் பக்கமும் எழுத்துகள் பரவியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் மூலையிலேயே சொற்கள் நின்றால் கீழ்ப் பக்கம் அவருக்குச் சரியாகத் தெரிகிறதா என்பது தெரியாமலே போய்விடும். தெரிந்த சொல் என்றால் அடுத்து என்ன எழுத்து வரும் என்று மனசு முன்கூட்டியே போய் நிற்கும், அலுப்புத் தட்டாது.

வெறும் வெளிச்சத்துக்குப் பதில் எழுத்தின் மேல் ஒரு பழகிய முகம் மின்னி மறையும்படியும் செய்யலாம். புகழ்பெற்றவர்களின் முகத்தை வைத்து 2011-ல் வந்த ஆய்வு, மூளையின் பதில் அதில் தெளிவாகக் கிடைப்பதைக் காட்டியது. நாங்கள் பேத்தியின் போட்டோவை வைத்தோம்.

எத்தனை சதவீதம் வந்தால் போதும்?

இந்தத் துறையில் 70 சதவீதத்தைக் குறைந்தபட்ச எல்லையாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் 70-ல் ஒரு மனிதரை எழுத விடுவது அவரைச் சோதிப்பதாகத்தான் முடியும். கணக்கைப் பாருங்கள். ஒரு எழுத்து தவறினால் 'அழி' கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதவேண்டும். அந்த 'அழி'யே தவறலாம். ஒரு சரியான எழுத்துக்குச் சராசரியாக 90 சதவீதத்தில் 1.25 தேர்வு ஆகிறது. 80-ல் 1.67. 70-ல் 2.5. 60-ல் 5. 50-ல் எழுதவும் அழிக்கவும் சரியாகிவிடும், எங்கேயும் போய்ச் சேரமாட்டார்.

அதனால் வேகத்துக்கு ஆசைப்பட்டுச் சுற்றைக் குறைக்காதீர்கள். ஐந்து சுற்றில் 70 சதவீதம் வருகிறது, எட்டுச் சுற்றில் 90 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்து நடுவே மூன்று விநாடி ஓய்வையும் சேர்த்தால் ஐந்து சுற்றில் ஒரு சரியான எழுத்துக்கு சுமார் 34 விநாடி. எட்டுச் சுற்றில் சுமார் 25. மெதுவானதுதான் சீக்கிரம் போகிறது! எத்தனை சுற்றில் எத்தனை சதவீதம் என்ற கோட்டை மென்பொருள் வரைந்து காட்டும். அந்தக் கோடு ஏறுவதை நிறுத்தும் இடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று மேலே வையுங்கள்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வரிசை–பத்திப் பலகையில் ஐந்து நிமிஷம் மட்டும் பழக்கிய 81 பேரில் 72.8 சதவீதம் பேர் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினார்கள். அவர்கள் ஆரோக்கியமானவர்கள். அந்த எண்ணை வைத்துப் படுக்கையில் இருப்பவரை அளக்காதீர்கள்.

பொருத்திக் கொடுத்த அன்று 95 சதவீதம் காட்டியது. மறுநாள் ஒன்றும் சரியாக வரவில்லை. ஏன்?

எங்களுக்கும் இது நடந்தது. முதலில் கருவியைப் பொருத்த வந்தவர் பழக்கிய எழுத்துகளையே திரும்பக் கொடுத்துச் சோதித்துவிட்டு 95 என்று காட்டிப் போய்விட்டார். கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. பழக்கும்போது கொடுக்காத ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், அதில் வருவதுதான் உண்மையான எண். மென்பொருள் தானே சோதிப்பதாக இருந்தாலும், சில எழுத்துகளை ஒதுக்கி வைத்து அவற்றில் சோதித்ததா என்று கேளுங்கள்.

எழுத்து தவறித் தவறி வருகிறது. எங்கே கோளாறு என்று எப்படிப் பார்ப்பது?

தவறான எழுத்து எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். வேண்டிய எழுத்தின் அதே வரிசையிலோ அதே பத்தியிலோ விழுந்தால் பாதி சரியாக இருக்கிறது, இன்னும் இரண்டு சுற்று கூட்டினால் போதும். எப்போதும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால், அண்டையில் மின்னுவது கண்ணை இழுக்கிறது. எழுத்துகளை விலக்கி வையுங்கள், அல்லது வரிசையாக மின்னாமல் சிதறி மின்னும் முறைக்கு மாற்றுங்கள். எங்கெங்கோ விழுந்தால் ஏதோ ஒரு எலக்ட்ரோடு கழன்றிருக்கும், இல்லாவிட்டால் அவர் தூங்கி வழிகிறார்.

ஒரு நாள் சித்தப்பாவுக்கு 'ப' என்று பழக்கிக்கொண்டிருந்தோம். முடிவுகள் 'வ' இருந்த பத்தியிலேயே விழுந்துகொண்டிருந்தன. மூன்று தடவை தொப்பியைச் சரி செய்தேன். அப்புறம்தான் பழக்குவதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு வேண்டியதை எழுதுங்க சித்தப்பா" என்றேன். வ, ல, ஐ என்று வந்தது. இடைவெளி. அப்புறம் எ, ங, க, ஏ. வலை எங்கே. முந்தின நாள்தான் தம்பி அவருடைய வலையை விற்றிருந்தான், அவரிடம் சொல்லவில்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, அவர் மனசுதான் எங்கள் சொல்லில் இல்லை. அன்றிலிருந்து இரண்டு முறை தவறினால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொப்பியைத் தொடுகிறேன்.

தினமும் பழக்கவேண்டுமா?

வேண்டாம். ஒரு தடவை நன்றாகப் பழக்கினால் பல நாள் தாங்கும். தொப்பி போட்டதும் நாலு எழுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். மூன்று எழுத்தாவது சரியாக வந்தால் அப்படியே தொடரலாம். இல்லையென்றால் புதிதாகப் பத்து எழுத்து எடுத்துப் பழையதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து மாற்றினாலோ, காய்ச்சல் வந்து எழுந்தாலோ முழுசாகப் பழக்குங்கள். அமெரிக்காவில் ஏ.எல்.எஸ் வந்த ஓர் ஆராய்ச்சியாளர் வீட்டிலேயே இரண்டரை வருஷத்துக்கு மேல் இப்படிப்பட்ட பலகையில் தினமும் பல மணி நேரம் வேலை பார்த்தார். தொப்பியைப் போட்டுவிட்டது வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள்தான், எஞ்சினியர் இல்லை.

வலிப்பு வந்தவருக்குப் போடலாமா?

டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். விநாடிக்கு ஐந்தாறு தடவை மின்னும் திரை அது.

பெண்களுக்குப் போடுவதில் சிரமம் உண்டா?

முடி அடர்த்தியாக இருப்பதால் நேரம் கூடும், அவ்வளவுதான். கீழக்கரை வீட்டில் நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டு எண்ணைச் சொல்ல, மகள் ஜெல் வைத்தாள். தொப்பிக்கு மேல் துப்பட்டாவைத் தளர்வாகப் போட்டாலும் சிக்னல் கெடவில்லை. மூன்றாம் நாள் மகளே தனியாகச் செய்துவிட்டாள்.

எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால்?

ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் முயற்சி வேண்டாம். வேறொரு நாள், வேறொரு நேரம் பாருங்கள். தூக்க மாத்திரை எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இந்த முறை அவருக்குப் பொருந்தவில்லை என்று ஏற்றுக்கொண்டு ஒலி முறையையோ அட்டையையோ எடுங்கள். கண் உட்பட எந்த அசைவும் இல்லாத நிலைக்குப் போனவருக்கு இந்தப் பலகை பேச்சைத் திருப்பித் தரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த நிலையில் இருந்த ஒருவர், மூளைக்குள் பதித்த எலக்ட்ரோடு வழியாக ஒலி கேட்டு எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுத்ததாக 2022-ல் ஆய்வு வெளியானது. அது வேறு பாதை, ஆபரேஷன் உள்ள பாதை.

மனசில் நினைப்பதை எல்லாம் இது படித்துவிடுமா?

படிக்காது. எந்தக் கட்டம் மின்னும்போது எழுச்சி வந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அவர் தேர்ந்தெடுக்காத எதுவும் வெளியே வராது.

ஆனால் தேர்ந்தெடுத்ததை வீடே எட்டிப் பார்க்கும். சித்தப்பா எழுத ஆரம்பித்த முதல் வாரம் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்லை முடித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அவர் எழுதியது "சித்தி மட்டும்". இப்போது திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். 'பேசு' கட்டத்தை அவர் தேர்ந்தெடுத்தால்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். மற்ற நேரத்தில் சித்தி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்பதில்லை.